சிவப்புக் குள்ளச்சி

கண்ணாடியைக் கழற்றினால் பேப்பர் தெரியவில்லை, போட்டுக்கொண்டால் படிக்கட்டு தெரியவில்லை என்கிற வயதுக்கு நாம் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டோம். போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்பில் ஒருத்தி ராத்திரி வானத்தைப் போட்டோ எடுத்துப் போட்டு, "இதில் எத்தனை நட்சத்திரம் தெரியுது? கண் டெஸ்ட்!" என்று கேட்டிருந்தாள். ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னீர்கள். ஒருவர் போன் திரையில் ஒட்டியிருந்த ரவையையும் சேர்த்து எண்ணிவிட்டுப் பிறகு வாபஸ் வாங்கினார்.

நான் பதில் போடவில்லை. எனக்கு நட்சத்திரம் என்றால் ஒன்றே ஒன்றுதான். அது அந்தப் போட்டோவில் இருக்காது. வெறும் கண்ணுக்கும் தெரியாது. மங்கலான, சின்னஞ்சிறிய, சிவப்பு நட்சத்திரம். கொஞ்ச காலம் எங்கள் குடும்பச் சொத்தாக இருந்தது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. குரூப்பில் இவ்வளவு நீளமாகப் போட்டால் ஒருவரும் படிக்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எங்களுக்குப் புதுச்சேரிப் பக்கம் செலியமேட்டில் வீடு. ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த லீவு. அந்த லீவில்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. சித்தப்பா மோட்டார் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் எந்த போர்வெல் மோட்டார் காயில் எரிந்தாலும் அவரிடம்தான் வரும். மோட்டாரைப் பிரித்து, செம்புக்கம்பியை உருவி எடுத்து, புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் அடித்து வெயிலில் வைப்பார். எங்கள் வீட்டில் சோற்றில்கூட வார்னிஷ் வாசனை வரும். இதெல்லாம் செய்கிறவர் வாயைத் திறந்து பேச மட்டும் மாட்டார். "சாப்டியாடா?" என்று அம்மா கேட்டால் தட்டைக் கவிழ்த்துக் காட்டுவார். அவ்வளவுதான் பதில்.

பெண் அரியூர். புதுச்சேரியில் பி.எஸ்.சி. பிசிக்ஸ் முடித்தவள். அவளுடைய அப்பாவுக்கு உரக்கடை. பெண் பார்க்கப் போன அன்று நானும் போயிருந்தேன். பெண் உள்ளேயிருந்து வந்து உட்கார்ந்தாள். நாங்கள் கிளம்புகிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சொன்னாள்:

"பொண்ணு நல்ல செவப்பு. லட்சணமா கீது. ஆனா ஏன் எழுப்பியே காட்டல? உயரம் கம்மின்னு நெனைக்கிறேன்."

அங்கே பெண்ணின் அம்மா அதே நேரத்தில், "மாப்ள ஒரு வார்த்த பேசலியே, வாய் வருமா வராதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். இது பிற்பாடு எங்களுக்குத் தெரிந்தது. ஆக இரண்டு பக்கமும் ஒரு சந்தேகத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் தட்டு மாற்றினார்கள்.

இப்போது பிரான்சுக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு ஒரு தங்கை. சித்தப்பாவுக்கு அக்கா. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ளவரைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவள் எங்கள் அத்தை. அங்கே பெரிய ஆபீஸில் வேலை என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை யாராவது ஊருக்கு வருகிறவர்கள் கையில் ஒரு பார்சல் கொடுத்தனுப்புவாள். சோப்பு, சாக்லேட், குளிருக்கான கம்பளி பனியன் எல்லாம் இருக்கும். செலியமேட்டு மே மாதத்தில் அந்தப் பனியனை என்ன செய்வது? அம்மா அதைக் கொண்டு சூடான பாத்திரங்களை இறக்குவாள்.

கல்யாணம் முடிவானதும் அத்தை பாகூர் எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்க் காத்திருந்தால் அவள் கூப்பிடுவாள். அப்பா ரிசீவரை என் காதும் சேருகிற மாதிரிப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, தம்பி கல்யாணத்துக்கு ஒரு ஸ்டாரு அனுப்பியிருக்கேன். பொண்ணு பேர்லயே! ஊர்ல எவளுக்கும் இருக்காது!"

"இன்னா அனுப்பியிருக்க? ஸ்டாரா?"

"ஆமாண்ணே, ஸ்டாரு..." லைன் கட்டாகிவிட்டது.

பூத்தைவிட்டு வெளியே வருவதற்குள் அப்பா முடிவு செய்துவிட்டார். ஸ்டார் என்றால் வைரம். நட்சத்திர வடிவத்தில் வைர டாலர். டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த வைரம் சுண்டைக்காய் அளவு இருந்தது. பாகூர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது நாவல்பழம் ஆகிவிட்டது. அரியூரில் பெண்ணின் அப்பா உரக்கடையில் உட்கார்ந்து கேட்டபோது எவ்வளவு பெரிதாக இருந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாரமே சம்பந்தி வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

பார்சலும் வந்தது. நீள அட்டைக் குழாய். அம்மா அதைக் கையில் எடுத்துக் குலுக்கினாள். சரசரவென்று சத்தம் வந்தது.

"வைரத்துக்கு எதுக்கு இவ்ளோ நீட்டக் கொழாயி?"

"திருடன் சந்தேகப்படக் கூடாது இல்ல? அதுக்குத்தான்," என்றார் அப்பா.

"பிரிச்சிப் பாத்துடலாமே."

"சம்பந்தி முன்னால பிரிச்சாத்தான் மரியாதை."

அப்பா வாழ்க்கையில் எடுத்த மோசமான முடிவுகளை அம்மா வரிசையாகச் சொல்லும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்வாள்.

சம்பந்தி வீட்டிலிருந்து பெண்ணின் அப்பா, அம்மா, இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பெண் வரவில்லை. வாழை இலை போட்டு விருந்து. வடை, பாயசம், அப்பளம். சாப்பாட்டின் நடுவிலேயே அப்பாவுக்கு இருப்புக் கொள்ளாமல் கையைக் கழுவிக்கொண்டு வந்து குழாயைப் பிரித்தார். உள்ளே சுருட்டிய இரண்டு தாள். முதல் தாள் கனமாக, ஓரமெல்லாம் தங்கக் கலர் பார்டர் போட்டு இருந்தது. பிரெஞ்சு எழுத்து. இரண்டாவது தாளில் கறுப்பாக ஒரு பெரிய வட்டம். வட்டத்துக்குள் கோடுகள், புள்ளிகள். ஒரு புள்ளியைச் சுற்றிச் சிவப்பு மையால் சுழித்திருந்தது.

அப்பா குழாயைக் கண்ணுக்கு நேரே வைத்து உள்ளே பார்த்தார். பிறகு தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

"சொல்தாவக் கூப்புடு," என்றார் என்னிடம்.

சொல்தா எங்கள் தெருக்கோடியில் இருந்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் தெருவில் மாடி வைத்த வீடு அவருடையது ஒன்றுதான். பிரெஞ்சில் 'ஐயா' என்கிற மாதிரி எல்லோரையும் 'முசே' என்பார். எங்கள் வீட்டு எருமைக்கிடாவைக்கூட ஒருமுறை அப்படிச் சொல்லி ஒதுங்கச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். வந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திக்கொண்டார்.

"மேல பெருசா 'நட்சத்திரம்'னு போட்டிருக்கு. அதுக்குக் கீழ பொண்ணு பேரு. எழுத்தெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கான்."

"நட்சத்திரமா?" என்றாள் பெண்ணின் அம்மா. "எம் பொண்ணு மக நட்சத்திரம். அதான் ஜாதகத்துலயே குடுத்தமே."

"இதுல மகம்னு இல்லியேம்மா. வேற இன்னாமோ நம்பர் கீது."

பெண்ணின் அப்பா இரண்டாவது தாளை இழுத்துப் பார்த்தார். வட்டம், கோடு, புள்ளி. அவருடைய முகம் மாறியது. "மேல படிங்க," என்றார்.

"வகை... நேன் ரூழ்." சொல்தா சற்று யோசித்தார். "ரூழ்னா செவப்பு. நேன்னா..." உள்ளங்கையைத் தரைக்கு மேலே முழங்கால் உயரத்தில் பிடித்துக் காட்டினார். "குள்ளச்சி. செவப்புக் குள்ளச்சி."

வீட்டில் அப்பளம் நொறுங்குகிற சத்தம்கூட நின்றுபோனது.

"குள்ளன்னு இருக்கப் போவுது, நல்லாப் பாருங்க," என்று அப்பா கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

"இல்ல முசே. பொம்பளப் பால்லதான் போட்டிருக்கான். பிரெஞ்சுல அதெல்லாம் சுத்தமா இருக்கும்."

"சொல்தா, போதும், அப்புறம் படிச்சிக்கலாம்..."

"படிக்கட்டும்!" என்றார் பெண்ணின் அப்பா.

சொல்தா பட்டாளத்து ஆள். ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடமாட்டார். விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். "வெறுங்கண்ணால பாத்தா தெரியாது. மங்கல். சூடு கம்மி. வயசு..." கொஞ்சம் நிறுத்தி மனசுக்குள் கணக்குப் போட்டார். "பல நூறு கோடி வருசம்."

"எம் பொண்ணுக்கு இருவத்திரண்டுதான் முடிஞ்சிருக்குது!" என்று பெண்ணின் அம்மா கத்தினாள்.

"அளவு, ஏழரை."

அந்த அம்மா இலையிலிருந்து எழுந்தே விட்டாள். "ஏழரையா? அவளுக்கு ஏழரை முடிஞ்சப்புறம்தான் வரனே பாக்க ஆரம்பிச்சோம்! யாரு சொன்னா ஏழரைன்னு?"

பெண்ணின் அப்பா நிதானமாகத்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. "பொருத்தம் பாத்தாச்சி. தட்டு மாத்தியாச்சி. அதுக்கப்புறம் எம் பொண்ணு ஜாதகத்த பிரான்சுக்கு அனுப்பி, அங்க ஒருத்தன்கிட்ட குடுத்துப் பாத்திருக்கீங்க. அவன் குள்ளச்சி, கண்ணுக்கே தெரிய மாட்டா, கெழவி, ஏழரைன்னு எழுதி அனுப்பியிருக்கான். அத எங்கள இலையில உக்கார வெச்சிப் படிச்சிக் காட்டுறீங்க."

"அய்யோ, அப்பிடியெல்லாம் இல்ல சம்பந்தி..."

"அப்ப இது இன்னா?"

அப்பா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கே அது ஜாதகம் மாதிரித்தான் தெரிந்தது.

அவர்கள் போனபின் பாயசத்தில் ஈ மொய்த்தது. அம்மா எடுத்து வைக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. அப்பா சொல்தாவிடம் சண்டைக்குப் போனார். "நான் எழுதினதா முசே அது? இருந்ததப் படிச்சேன்," என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார். சித்தப்பா மட்டும் அந்த வட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டுபோய் மோட்டார் ஷெட்டில் உட்கார்ந்தார். நான் எட்டிப் பார்த்தபோது அதை ஒயரிங் படம் மாதிரி மடியில் விரித்து வைத்துக்கொண்டு, புள்ளிக்குப் புள்ளி விரலை நகர்த்திக்கொண்டிருந்தார். பாட்டில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். குடிக்கவில்லை. அதுவரைக்கும் எனக்குக் கல்யாணம் என்றால் புதுப்பாவாடையும் ஐஸ்கிரீமும்தான். சித்தப்பா அந்தப் பெண்ணை மனசில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரே ஒரு முறை, அதுவும் உட்கார்ந்த நிலையில் பார்த்த பெண்.

ஞாயிற்றுக்கிழமை பூத்தில் அப்பா ரிசீவரை எடுத்ததும் 'நல்லாருக்கியா' என்றுகூடக் கேட்கவில்லை.

"யாரும்மா ஒன்ன ஜாதகம் பாக்கச் சொன்னது?"

"ஜாதகமா? அது நட்சத்திரம்ணே! வானத்துல இருக்குதே, அது! ஒண்ண பொண்ணு பேர்ல வாங்கியிருக்கேன். இங்க அப்பிடி ஒரு கம்பெனி இருக்குது. நாம எந்தப் பேரச் சொல்றமோ அத வெப்பாங்க. மேப்புல சுழிச்சிருக்கான் பாரு, அதான்."

அப்பா பூத்துக் கதவைத் தள்ளி வானத்தை எட்டிப் பார்த்தார்.

"வானத்துல இருக்கறத அவன் எப்பிடி விக்கிறான்?"

"அது தெரியலண்ணே."

"அது செவப்பாம், மங்கலாம், குள்ளமாம், கண்ணுக்கே தெரியாதாம். வாங்கறதுதான் வாங்கற, பளிச்சுனு ஒண்ணாப் பாத்து வாங்கக் கூடாதா?"

அந்தப் பக்கம் லைன் கரகரத்தது. "எனக்கு இது புடிச்சிருந்துச்சிண்ணே," என்றாள் அத்தை. குரல் இறங்கிவிட்டது. எனக்கு அப்போது அது லைன் கோளாறு என்றுதான் தோன்றியது.

அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு அரியூருக்கே போனார். பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அங்கே நடந்ததைச் சொன்னார்.

விருந்திலிருந்து திரும்பிய அன்றைக்கே பெண் விஷயத்தைக் கேட்டிருக்கிறாள். அழுவாள் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். அவளோ சுவரில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். "அப்பா, சின்ன நட்சத்திரத்துக்குக் குள்ளம்னுதான் பேரு, எங்க புஸ்தகத்துலயே இருக்குது. ஏழரைங்கறது வெளிச்சத்தோட அளவு. நம்பர் ஏற ஏற வெளிச்சம் கொறயும். ஆறு வரைக்கும்தான் நம்ம கண்ணுக்குத் தெரியும்," என்றிருக்கிறாள். அவர் நம்பவில்லை. "படிச்ச திமிர்ல கதை வுடுற. அந்த ஊமையனக் கட்டிக்கணும்னு முடிவு பண்ணிட்ட," என்று திட்டியிருக்கிறார். எங்கள் அப்பா போய் அதையே சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்தாராம்.

"சரி. ஒங்க தங்கச்சி வானத்துல வாங்குனது நெசம்னா, கண்ணுல காட்டுங்க. காட்டுனா கல்யாணம். இல்லாட்டி அவங்கவங்க வூட்ட அவங்கவங்க பாத்துக்கலாம்."

"கண்ணுக்கே தெரியாதத எப்பிடிக் காட்டுறது?" என்றாள் அம்மா.

அப்போது ஷெட் பக்கமிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "சொல்தாகிட்ட பைனாகுலர் கீது."

எங்கள் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அந்த வருஷத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அது.

அடுத்து வந்த நிலா இல்லாத நாளில், விளக்கு வைத்த சற்று நேரத்தில், சம்பந்தி வீட்டார் சொல்தா வீட்டு மாடிக்கு வந்தார்கள். இந்த முறை பெண்ணும் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள். அம்மா என் தோளைத் தொட்டாள். ஆமாம், குள்ளம்தான். எனக்கும் அவளுக்கும் ஒரு சாண் வித்தியாசம் இருந்தால் அதிகம். அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. நேரே சொல்தாவிடம் போய், "மேப் எங்க?" என்று கேட்டாள்.

அது நம் ஊரில் வடக்கே சப்தரிஷி மண்டலம் உயர ஏறி நிற்கிற மாதம். ஏழு நட்சத்திரங்கள் அகப்பையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். அதற்கும் மேலே, கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலே, ஒட்டி ஒட்டி நிற்கிற இரண்டு ஜோடி நட்சத்திரங்கள் உண்டு. அந்த ஜோடிகளுக்கு நடுவில் இருக்கிற வெறும் இருட்டில்தான் எங்கள் சொத்து இருப்பதாகத் தாள் சொன்னது. சொல்தா முதலில் பார்த்தார். கழுத்து பிடித்துக்கொண்டது. அப்பா பார்த்தார். "எல்லாமே வெள்ளையா ஆடுது," என்றார். கை நடுங்கினால் பைனாகுலரில் வானமே நடுங்கும். பெண்ணின் அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்.

சித்தப்பா கீழே போனார். ஒரு மர ஏணி, இரண்டு சைக்கிள் டியூப், ஒரு கோணிச் சாக்கு எடுத்து வந்தார். ஏணியைச் சாய்த்து, அதன் படியில் சாக்கைச் சுருட்டி வைத்து, பைனாகுலரை டியூபால் இழுத்துக் கட்டினார். இப்போது ஆடவில்லை. ஆனால் அவர் உயரத்துக்குக் கட்டிவிட்டார். பெண் எட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. மாடியில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சித்தப்பா டியூபை அவிழ்த்து, இரண்டு படி கீழே இறக்கிக் கட்டினார். கண்ணை வைத்துப் பார்த்து, இன்னும் அரைப்படி இறக்கினார். பெண்ணின் அம்மா தொண்டையைச் செருமினாள். அவ்வளவுதான்.

தேடல் ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஆனதும் பெரியவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. கீழே சொல்தா வீட்டில் சுண்டலும் டீயும் இருந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். "பாப்பா, நீ இங்கயே இரு," என்று அம்மா என்னை மட்டும் நிறுத்தினாள். எதற்கு என்று அப்போது புரியவில்லை. டார்ச்சும் மேப்பும் பிடிப்பதற்கு என்று நினைத்துக்கொண்டேன். வெளிச்சம் கண்ணில் அடிக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னதால், டார்ச் முகப்பை உள்ளங்கையால் மூடிப் பிடித்தேன். விரலிடுக்கெல்லாம் ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. கரும்பு வயலிலிருந்து வந்த கொசு முழுவதும் என் முழங்காலுக்குத்தான் வந்தது.

அவள் ஏணியடியில் நின்று கண்ணை வைத்து, பைனாகுலரின் நடுவில் இருந்த திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தாள். சித்தப்பா பக்கத்தில் நின்றார். பிறகு, நான் எதிர்பார்க்காத மாதிரி, பேச ஆரம்பித்தார். என்ன பேசினார் தெரியுமா? காயில் கட்டுவதைப் பற்றி. எத்தனை சுற்று சுற்ற வேண்டும், ஒரு சுற்று பிசகினால் மோட்டார் எப்படி முனகும், எந்த ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம், எந்த விவசாயி பியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டி ஈயத்தாளை மடித்து வைக்கிறார். அவள் "ம்" கொட்டினாள். நடுவில் ஒருமுறை, "வார்னிஷ் காய எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டாள். சித்தப்பா அதற்குச் சொன்ன பதில் முடிவதற்குள் எனக்கு உட்கார்ந்தபடியே தூக்கம் வந்துவிட்டது.

"தெரியுதாங்க?" என்று கேட்பார் சித்தப்பா.

"இன்னும் இல்ல."

மறுபடி மோட்டார். கீழேயிருந்து அப்பா குரல் கொடுப்பார். "கண்டுபுடிச்சாச்சா?" "இன்னும் இல்ல!" என்பாள்.

கடைசியில், சுண்டல் தீர்ந்து, சொல்தா தன் பட்டாளத்துக் கதைகளை இரண்டாவது சுற்று ஆரம்பித்த சமயத்தில், அவள் சொன்னாள்: "தோ, தெரியுது."

முதலில் சித்தப்பா பார்த்தார். அடுத்தது நான். வெள்ளை வெள்ளையாகச் சிதறிக் கிடந்த பொடிகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் வேறு நிறம். மினுக்கவில்லை, ஜொலிக்கவில்லை. கல்லில் விழுந்து ஒட்டிக்கொண்ட காய்ந்த மிளகாய் விதையை யாரோ சூடுபடுத்திய மாதிரி ஒரு மங்கல் ஆரஞ்சு. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் மெதுவாகச் சிவப்பு ஏறியது. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் முன்பு இருந்த அளவுக்கு மங்கிவிட்டது. "நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்குற நட்சத்திரத்துல இதுவும் ஒண்ணு," என்றாள் அவள். "சின்னதா இருக்குறதால தெரிய மாட்டேங்குது. ஆனா சிக்கனமா எரியும். பெரிய நட்சத்திரமெல்லாம் எரிஞ்சி தீந்தப்புறமும் இது இருக்கும்." படியேறி வந்த அம்மாவின் காதில் 'சிக்கனம்' மட்டும் விழுந்தது. அந்தப் பெண்ணை அம்மாவுக்குப் பிடித்துப்போனது அந்த நொடியில்தான்.

பெண்ணின் அம்மா பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, செவப்பாதான் கீது," என்றாள்.

பெண்ணின் அப்பாவின் முறை வந்தது. கட்டிப்போட்ட கருவியில் பார்க்க மாட்டேன், ஏமாற்று வேலை செய்வீர்கள் என்றார். டியூபை அவிழ்த்துக் கையில் வாங்கிக்கொண்டார். தலையை அண்ணாந்தார். கழுத்து ஒத்துழைக்கவில்லை. பைனாகுலர் மெதுமெதுவாக இறங்கி, சப்தரிஷிகளைத் தாண்டி, தென்னந்தோப்பைத் தாண்டி, கரும்பு வயலுக்கே வந்துவிட்டது. அங்கே மோட்டார் கொட்டகை வாசலில் காவல்காரர் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"கீது!" என்று கத்தினார் பெண்ணின் அப்பா. "நல்லாத் தெரியுது! செவப்பு! அணைஞ்சி அணைஞ்சி எரியுது!"

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற கல்யாணப் பெண் என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"மங்கல்னீங்களே, எவ்ளோ ஜோரா கீது!" என்றார் அவர். அப்பா ஒருமுறை கரும்பு வயலைப் பார்த்தார், ஒருமுறை வானத்தைப் பார்த்தார். பிறகு சம்பந்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சொல்தா தூக்கிய தலையோடு ஒரு சல்யூட் வைத்தார்.

கல்யாணம் நடந்தது. அம்மி மிதித்து, பட்டப்பகலில் அருந்ததி காட்டச் சொன்னார் ஐயர். சித்தப்பா விறைப்பாக விரலை நீட்டினார். கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. பந்தலின் துணியைத் தவிர அங்கே ஒன்றும் தெரியவில்லை. பெண்ணின் அப்பா அதற்கப்புறம் அரியூரில் சிவப்பாக எது தெரிந்தாலும், செவ்வாய் கிரகம் ஆகட்டும், ராத்திரியில் பறக்கிற விமானத்தின் விளக்கு ஆகட்டும், "அது எம் பொண்ணுது," என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தங்க பார்டர் தாளைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினோம். ஒரு மழைக்காலத்தில் கரையான் ஏறி, நட்சத்திரத்தின் வயசையும் அளவையும் தின்றுவிட்டது. அந்தக் கம்பெனி வைத்த பேர் எந்த விஞ்ஞானியின் புத்தகத்திலும் ஏறவில்லை என்பதும், அங்கே அதற்கு வெறும் நம்பர்தான் என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. சித்திக்கு முதலிலேயே தெரியும். சொல்லவில்லை.

அப்பாவுக்கு மட்டும் அத்தை மேல் கோபம் ஆறவேயில்லை. 'இவ்ளோ சம்பாதிக்கிறவ, ஆகாசத்த வித்தவன்கிட்ட போயி ஏமாந்திருக்கா, தம்பிக்கு ஒரு மோதிரம் போட்டாளா?' என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காலேஜில் படிக்கும்போதுதான் அத்தை ஊருக்கு வந்தாள். நடுவில் ஒருமுறைகூட வரவில்லை. அம்மா கொடுத்த காபி தம்ளரை அவள் இரண்டு கையாலும் பிடித்ததைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெடித்து, நகத்தோரம் வெளுத்திருந்தது. பெரிய ஆபீஸில்தான் வேலை. எல்லோரும் வருவதற்கு முன்னால் போய்த் தரை துடைக்கிற வேலை. அப்பா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து கொல்லைக்குப் போனவர் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார். அதற்கப்புறம் மோதிரப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

அன்று ராத்திரி சித்தி வீட்டு மாடிக்கு நாங்கள் எல்லோரும் போனோம். சொல்தா சாகும் முன் பைனாகுலரைச் சித்திக்கே கொடுத்திருந்தார். அத்தை அந்த நட்சத்திரத்தை அதுவரை பார்த்ததில்லை. "அங்க ஊரே வெளக்கா இருக்கும். எங்கேந்து பாக்குறது?" என்றாள். சித்தி கண்டுபிடித்துக் கொடுத்தாள். அத்தை கண்ணை வைத்தாள்.

"இத்தினியூண்டா? படத்துல பெருசாப் போட்டிருந்தானே!"

யாரும் சிரிக்கவில்லை. அவளே சொன்னாள்: "முன்பக்கத்துல எல்லாம் பளபளன்னு இருந்துச்சி. அது நமக்கு ஆவாது. கடைசிப் பக்கத்துல இது இருந்துச்சி. அதான் இத வாங்கினேன். ஒனக்கு அசிங்கமாப் போச்சில்ல?"

"நல்லவேள அண்ணி," என்றாள் சித்தி. "பளிச்சுனு ஒண்ண வாங்கியிருந்தா நான் கெட்டேன். எங்கப்பா வந்து நின்ன ஒடனே பாத்துட்டு என்ன இழுத்துகினு போயிருப்பாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கி இவரு ஏணியில கட்டிக் குடுத்தாரு இல்ல, கண்ண வெச்ச கொஞ்ச நேரத்துலயே எனக்குத் தெரிஞ்சிடுச்சி."

"இன்னாது?" என்று நான் எழுந்து நின்றேன். எத்தனை கொசு!

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். அப்பதான் இவரு பேச ஆரம்பிச்சாரு. கண்டுபுடிச்சிட்டேன்னு சொன்னா எல்லாரும் மேல வந்துடுவீங்க, இவரு வாய மூடிப்பாரு. அதான் இல்ல இல்லன்னுட்டு இருந்தேன்."

சித்தப்பா மூலையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார்:

"எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நீ திருகாணியத் திருகுறத நிறுத்திட்ட. அப்பவே பாத்துட்டன்னு தெரியும். அதான் பேசிக்கினே இருந்தேன்."

சித்தி அவரையே பார்த்தாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அதை அவர் சொன்னதே இல்லை. அத்தை பைனாகுலரைப் பிடித்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது, பைனாகுலர் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. அப்படியும் கண்ணை எடுக்கவில்லை.

"அய்யே, இப்ப ரெண்டாத் தெரியுதுடி!" என்றாள்.